நாக்குக்கு அடியில்

ஒத்தப்பாலத் தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்பே எல்லோருக்கும் வாய் கசந்துவிடும். மலாய் நாட்டில், புக்கிட் ரோத்தானிலிருந்து ஆற்றுப் பக்கமாக நாலு மைல் உள்ளே இருக்கிற ரப்பர்த் தோட்டம் அது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதைச் சொல்லப் பொறுமையில்லாத சனங்கள், நுழைகிற இடத்தில் இருந்த மரப்பாலத்தையே பெயராக்கிக்கொண்டார்கள்.

காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு. மரம் சீவுகிறவர்கள் வாளியும் கத்தியுமாகக் களத்தில் வரிசை பிடித்து நிற்க, மருந்து கொடுக்கிற டிரெசர் வைரவநாதன் ஒரு கையில் அரிக்கன் விளக்கும் மறு கையில் குளிர்காய்ச்சலைத் தடுக்கிற கொயினா டப்பாவுமாக வருவார். மாத்திரையைப் போடு, தண்ணியைக் குடி, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. இந்த நாலும் ஒழுங்காக நடந்தால்தான் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை உண்டு. நாக்கைத் தூக்கிய வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்க்கிற உத்தியோகத்துக்காகவா கடல் தாண்டி வந்தோம் என்று வைரவநாதனுக்கே சில நாள் சலிப்பு வரும்.

எல்லோருக்கும் முன்னால் மாத்திரை போட்டுக்கொள்கிறவர் ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி சிதம்பரநாதன். இது துரை போட்ட உத்தரவு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், கொயினா தின்றால் ஆம்பிளைக்குச் சத்துப் போய்விடும், பொம்பிளைக்குக் கர்ப்பம் கரைந்துவிடும் என்று கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பிப் பாதிப் பேர் மாத்திரையைச் சாக்கடைக் கானில் துப்பினார்கள். அந்த மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் பதினேழு பேரைக் கொண்டுபோனது. அப்போதுதான் சிதம்பரநாதன் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, "இஞ்ச பாருங்கோ, நானும் விழுங்கிறன்" என்று எல்லோரும் பார்க்க விழுங்கினார். அன்றிலிருந்து அவர் விழுங்கினால் சனமும் விழுங்கியது. அவரை நாக்கைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய மனுசரிடம் அப்படியெல்லாம் கேட்பார்களா?

அந்தப் பெரிய மனுசருக்குத்தான் நாற்பத்து மூன்றாவது வயதில் பிடில் பைத்தியம் பிடித்தது.

குவாலா சிலாங்கூரில் கிராணிமார் சேர்ந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா தொடங்கியிருந்தார்கள். ஏழு பிடில், இரண்டு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல், ஒரு கார்னெட், தரையில் ஊன்றி முழங்காலுக்கு நடுவே பிடித்து வாசிக்கிற பெரிய பிடில் ஒன்று. கற்றுக்கொடுக்கக் கோலாலம்பூர் பேண்டில் வாசித்து விலகிய மணிலாக்காரன் ஒருவன் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. மகன் வயதுக்காரன் முன்னால் நின்று, வில் பிடித்த கையில் பிரம்பால் தட்டு வாங்குவதற்காக, சிதம்பரநாதன் பிடில் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்துப் போனார். முதல் ஆறு மாதம் அவர் வாசித்ததைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சின்னக் கிராணியின் நாய் குடிபெயர்ந்து ஸ்டோருக்குப் போய்விட்டது.

சம்மணமிட்டு மடியில் சாய்த்து வாசிக்கிற நம்மூர் வாசிப்பு இல்லை இது. நிற்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பிடிலை இடுக்க வேண்டும். தாடைக்கு அடியில் தோல் கன்றி, காய்த்து, கறுத்தது. இடதுகை விரல் நுனிகள் வெடித்தன. ஐந்து கோட்டில் தொங்குகிற புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருக்கிறவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே, மணிலா மாஸ்டரின் குச்சியையும் கவனிக்க வேண்டும். இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சும்மா நிற்பது. அவருக்குக் கொடுத்தது இரண்டாம் பிடில். இரண்டாம் பிடில்காரனுக்குப் பாதி நேரம் வேலையில்லை. ஆனால் எத்தனை தாளக் கட்டம் வேலையில்லை என்று எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டுக் கூடத்தில் அவர் அப்படி வில்லைத் தூக்கிப் பிடித்து நின்றபோது மனைவி தங்கரத்தினம் வந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, புட்டு ஆறுது. நண்டுக் குழம்பும் வச்சிருக்கிறன். வாங்கோ."

"இரும். இன்னும் ஏழு கட்டம் கிடக்கு."

"நீங்கள் ஒண்டும் வாசிக்கேல்லையே. சும்மா தானே நிக்கிறியள்?"

"மற்றவை வாசிக்கினம். நான் எண்ணிக்கொண்டு நிக்கிறன். இப்ப நீர் கதைச்சதில எண்ணிக்கை பிழைச்சுப் போச்சு."

"சும்மா நிக்கிறதைப் படிப்பிக்கிறதுக்கும் ஒரு மாஸ்டரோ" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ஆனாலும் அவருடைய சட்டைகளின் இடதுதோளில் உள்பக்கமாக ஒரு மெத்துத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் கிறீச்சுச் சத்தமும் ஒரு துணைதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பகலில் கிராணிமார் சங்கக் கட்டிடத்தில் முதல் கச்சேரி என்று முடிவானது. வாசிக்கப்போவது எப்போதோ செத்துப்போன ஒரு ஜெர்மன்காரன் எழுதியது. அதில் மெதுவாகப் போகிற நடுப்பகுதியின் கடைசியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்துவிடும். புல்லாங்குழல் மட்டும் கீழே மெல்லப் பிடித்திருக்க, ஒரே ஒரு இரண்டாம் பிடில் தனியாக எட்டுக் கட்டம் மேலே ஏறி, அங்கேயே நின்று, அடங்க வேண்டும். அந்த எட்டுக் கட்டத்தை மணிலா மாஸ்டர் சிதம்பரநாதனுக்குக் கொடுத்தான். அன்று அவர் சைக்கிளில் திரும்பி வந்தபோது எட்டு மைலும் எதிர்க்காற்று. அவருக்குத் தெரியவே இல்லை.

அக்டோபர் மழையோடு கொசு வந்தது. பக்கத்துத் தோட்டங்களில் காய்ச்சல் விழ ஆரம்பித்ததும், இங்கே ஒரு மாத்திரை மூன்றானது. மூன்று போட்ட நாலாம் நாள் சிதம்பரநாதனின் காதுக்குள் சிள்வண்டு புகுந்தது. பகலும் இரவும் ஒரே சத்தம், மெல்லியதாக, உயரத்தில். காதைப் பொத்தினால் கூடும். லயத்துச் சனங்களுக்கும் அது கேட்டது. அவர்கள் தலையை ஒருமுறை உலுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். அவரால் அப்படிப் போக முடியவில்லை. பிடிலின் மேல் தந்தியில் விரலை எங்கே வைத்தாலும் வண்டு குறுக்கே வந்து நின்றது. சரி என்று அவர் நிறுத்திய இடம் சரியாக இல்லை.

"டெங்கார், கிராணி, டெங்கார்" என்றான் மணிலா மாஸ்டர். காது கொடுத்துக் கேள் என்று மலாயில் அவன் எப்போதும் சொல்வது. "ஸ்ருதி கீழே கிடக்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா?"

கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"இன்னும் இரண்டு ஞாயிறு பார்ப்பேன். இப்படியே இருந்தால் அந்த எட்டுக் கட்டம் சபாக் ஊர்த் தபால் கிராணிக்கு."

அவர் டிரெசரிடம் போய் மெல்லக் கேட்டார். வைரவநாதன் சிரித்தார். "அது கொயினா இரைச்சல் அண்ணை. நிப்பாட்டினால் ஒரு கிழமையில போயிடும். நிப்பாட்டினால் காய்ச்சல் வந்து ஆளும் போயிடும். எது வசதி எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ." அவருக்கு அது பகிடி.

அந்த வாரம்தான் சின்னத்தாய் அவரிடம் வந்தாள். காலையில் மரம் சீவிப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் கிராணி வீட்டைக் கூட்டித் துடைக்க வருகிறவள். வாசற்படியில் விளக்குமாற்றை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளன்."

"எம்மவ லெட்சுமி முழுகாம இருக்குதுங்க. மூணு மாசம். போன வருசம் ஒண்ணு தங்காமப் போச்சு. இப்ப கொயினாவ மூணு மூணாக் குடுக்குறாங்களே, வயித்துல உள்ளது கரைஞ்சிரும்னு பேசிக்கிறாங்க. நெசங்களா?"

"ஆர் பேசினது?"

"எல்லாருந்தாங்க. மருமவன் சுப்பிரமணியமும் பயப்படுறாரு."

"இஞ்ச பார் சின்னத்தாய். காய்ச்சல்தான் பிள்ளையையும் தாயையும் கொல்லும். கொயினா கொல்லாது. கெடுதலான சாமானை நான் வாயில போடுவனோ? நான் விழுங்கிறதைத்தானே உங்களுக்கும் குடுக்கிறம்?"

"நீங்களே திங்கிறப்ப எங்களுக்கு என்னாங்க. முழுங்கச் சொல்றேன்" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

அவர் அன்று சொன்னது முழு உண்மை. மறுநாள் காலையில் அது பொய்யாகிவிட்டது. மூன்று மாத்திரையையும் நாக்குக்கு அடியில் ஒதுக்கித் தண்ணீரைக் குடித்து, தலையை ஆட்டிவிட்டு, பேர் கூப்பிடத் தொடங்கும் முன் இருமுகிற பாவனையில் கைக்குட்டையில் துப்பினார். வெளியே எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். வீட்டில் எறிந்தால் ரத்தினம் பார்ப்பாள். பிடில் பெட்டிக்குள் வில்லுக்குப் பூசுகிற குங்கிலியம் வைக்க மூடி போட்ட ஒரு சின்னக் குழி உண்டு. அங்கே போட்டார். கச்சேரி முடிகிற வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய வீட்டுச் சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்திருந்தது. லயத்தில் வலையும் இல்லை, அடிக்கச் சன்னலும் இல்லை. இதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் வண்டு ஓய்ந்தது. விடிகாலையில் விழித்தபோது கூரைத் தகரத்தில் சொட்டுகிற தண்ணீர் தனித்தனியாகக் கேட்டது. அவர் எழுந்துபோய்ப் பிடிலை எடுத்து மேல் தந்தியில் விரலை வைத்தார். விரல் விழுந்த இடம் சரியாக இருந்தது. எட்டுக் கட்டமும் ஏறி, உச்சியில் நின்று, அடங்கியது. தங்கரத்தினம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்று கேட்டாள். பூனை கத்துது என்று வழக்கமாகச் சொல்கிறவள் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"காது தெளிஞ்சிட்டுதோ?" என்றாள்.

"பழகிப்போச்சு."

"நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து வந்தது அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஞாயிறு எட்டுக் கட்டமும் அவருக்கே என்று மணிலா மாஸ்டர் உறுதி சொன்னான்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து திரும்பியபோது கூடத்தில் சின்னத்தாய் நின்றாள். வாசித்துவிட்டு அவர் அவசரத்தில் மூடாமல் போன பிடில் பெட்டி திறந்து கிடந்தது. மேசையைத் துடைக்கப் பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். குழியின் மூடி கழன்று, பாதி கரைந்து காய்ந்த மாத்திரைகள் மேசையில் சிதறியிருந்தன. அவள் ஒன்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். முகம் கசப்பில் சுருங்கியிருந்தது.

"அதைத் தொடாத" என்றார்.

"சரிங்க" என்றாள். மாத்திரைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை, ஒரு விஷயம் புரிந்துகொண்டவளின் தெளிவுதான் இருந்தது.

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். கொயினா நல்லதுதான், என் காது இரைகிறது, பிடில் வாசிக்க வேண்டும், அதனால் துப்பினேன் என்று நாலு வார்த்தை. வீடு கூட்டுகிறவளிடம் பெரிய கிராணி இதையா சொல்லிக்கொண்டு நிற்பது? சொன்னாலும் அவள் நம்புவாளா? அவர் "கூட்டிப்போட்டுப் போ" என்றார்.

படித்த மனுசர், இங்கிலீஷ் தெரிந்தவர், துரையோடு பேசுகிறவர், முன்னால் நின்று விழுங்கிக் காட்டுகிறவர், வீட்டில் வந்து துப்பி ஒளித்து வைக்கிறார் என்றால் மாத்திரையில் என்னமோ இருக்கிறது. சின்னத்தாய் அப்படித்தான் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அவள் பெற்ற பெண்ணிடம் சொன்னாள். பெற்ற பெண் புருஷனிடம் சொன்னாள். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போக எந்தப் பேச்சுக்கும் அதிக நேரம் பிடிக்காது.

நாலைந்து நாள் கழித்து, பெரட்டுக் கலைந்தபின் கான் ஓரமாக நடந்த சிதம்பரநாதன் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தார். குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"கானைப் பார்த்தீரோ?" என்று டிரெசரிடம் கேட்டார்.

"நாக்கைத் தூக்கிப் பாக்கிறன்தானே அண்ணை. ஒருத்தர் வாயிலயும் இல்லை."

வெற்றிலை அடக்கிப் பழகிய கன்னங்கள் அவை. நாக்கின் அடியில் எதற்கு வைக்க வேண்டும்? கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே பாக்கு இருக்கிற இடத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டு நாக்கைத் தாராளமாகத் தூக்கிக் காட்டினார்கள்.

மறுநாள் அவர் வரிசைக்கு முன்னால் நின்று பேசினார். "ஆரும் துப்ப வேண்டாம். காய்ச்சல் வந்தால் பிழைக்க மாட்டியள். உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"சரிங்க ஐயா" என்றது வரிசை, மரியாதையாக. சின்னத்தாய் மட்டும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி அவர் நிஜமாக விழுங்கினாலும் பொய்யாக விழுங்கினாலும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுதான். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் வழி. அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. சொன்னால் துரை காதுக்குப் போகும், உத்தியோகம் போகும். அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். கச்சேரிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. எட்டு நாள் என்ன பெரிய நாள், முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தார். நினைத்துவிட்டு எட்டு நாளும் சோறு இறங்காமல் கிடந்தார்.

காய்ச்சல் எட்டு நாள் காத்திருக்கவில்லை. மேட்டு லயத்தில் மூன்று பேர், பிறகு ஏழு பேர், பிறகு வீட்டுக்கு ஒருவர். நிரையில் சீவாத மரங்கள் நின்றன. வெள்ளிக்கிழமை லெட்சுமிக்குக் குளிர் கண்டது. ஐந்து சாக்கைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. சனிக்கிழமை வயிற்றில் இருந்தது போய்விட்டது. சிதம்பரநாதன் டிரெசரை இழுத்துக்கொண்டு ஓடினார். வைரவநாதன் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும், ஆனால் ஆறு பெருகிப் பாதை முழங்கால் தண்ணீரில் கிடக்கிறது, மாட்டுவண்டி ஆட்டத்திலேயே ரத்தம் போய்விடும் என்றார்.

"வேற ஒண்டும் செய்ய ஏலாதோ?"

"ஊசி போட்டிருக்கிறன். விடியட்டும் பாப்பம்."

வாசலில் சின்னத்தாய் குந்தியிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். எழுந்து நின்றதுதான் அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

ஞாயிறு காலையில் லெட்சுமிக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருப்பதாகச் சொன்னார்கள். தங்கரத்தினம் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு லயத்துக்குக் கிளம்பினாள். "நீங்கள் போங்கோ. இஞ்ச இருந்து நீங்கள் என்ன செய்யப்போறியள்?" என்றாள். அவர் பிடிலை முதுகில் கட்டி, தண்ணீர் தேங்கிய இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ஐம்பது நாற்காலியில் முப்பது நிரம்பியிருந்தது. எல்லா வாத்தியமும் ஓய்ந்து அவருடைய முறை வந்தபோது அவர் எதையும் நினைக்கவில்லை. எட்டுக் கட்டமும் ஒரு மயிரிழை பிசகாமல் ஏறின. உச்சியில் நின்ற அந்த ஒற்றைச் சத்தம் கொஞ்சமும் நடுங்கவில்லை. மணிலா மாஸ்டர் குச்சியை இறக்காமல் அவரையே பார்த்து இமையை ஒருமுறை மூடித் திறந்தான். இரண்டு வருஷமாக அவர் ஏங்கியது அந்த ஒரு இமைப்புக்குத்தான். அது கிடைத்தது.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. மரப்பாலத்தில் ஏறியதும் சைக்கிளை நிறுத்தினார். அரை மைல் தள்ளி லயம். அங்கிருந்து வந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பத்துப் பதினைந்து பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். அதற்கு மேலே ஒரே ஒரு குரல் தனியாக ஏறி, அங்கேயே நின்றது. சின்னத்தாயின் குரல். எந்தத் தந்தியில் எந்த விரல் வைத்தால் அந்த இடம் வரும் என்று அவர் கேட்காமலே காது அவருக்குச் சொன்னது. அவர் பாலத்தின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வாந்தி எடுத்தார்.

இரவு சாப்பிடாமல் இருந்த அவர், "நான்தான் ரத்தினம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். "நல்லாயிருக்கு எண்டு நானும் சொன்னனே" என்றாள் தங்கரத்தினம்.

திங்கட்கிழமை அவர் சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. புதன்கிழமை சின்னத்தாய் பெரட்டுக்கு வந்தாள். தோட்டத்தில் துக்கத்துக்கு அதற்கு மேல் லீவு கிடையாது. அன்று சிதம்பரநாதன் மூன்று மாத்திரையை எல்லோரும் பார்க்க எடுத்து வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. வரிசை அசையவில்லை. சின்னத்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நாக்கத் தூக்குங்க ஐயா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. தினமும் காலையில் அவளிடம் கேட்கிற அதே தொனிதான்.

"ஏய், ஆரோட கதைக்கிறாய்?" என்று டிரெசர் பாய்ந்தார். சிதம்பரநாதன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். சின்னத்தாய் டிரெசர் கையிலிருந்த விளக்கை வாங்கி உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் விரலை விட்டு அவருடைய இரண்டு கன்னத்தையும் விலக்கிப் பார்த்தாள். விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடைய மாத்திரைக்குக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை நகர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் பார்த்த பிறகுதான் மற்றவர்கள். அவர் ஏன் துப்பினார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஐந்தாம் நாள் வண்டு திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக. அவர் ஏட்டைப் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதம் பிறக்கும் முன் எழுதிய ஏடு. கண் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தது. பழக்கத்தில் வாய் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டது.

"லெட்சுமி."

களத்தில் சின்னத்தாய் என்னமோ சொன்னாள். அவளுடைய உதடு அசைவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. காதில் வண்டுதான் கேட்டது. பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் இன்னும் கொஞ்சம் உரக்க இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.